நரி மஞ்சள்

ஈரலில் நீர்க்கட்டி இருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள். இருப்பதே தெரியாமல் ஆடு மேய்த்துக்கொண்டும் களை வெட்டிக்கொண்டும் இருப்பார்கள். நானும் அப்படித்தான் பல வருஷம் இருந்தேன். அவர்களுக்குத் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் எனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். எழுதும்போது எதிரே யாரும் இருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் கொஞ்சம் வருகிறது.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கு மேற்கே, கரடு என்கிற பாறைக்குன்றை ஒட்டின மேட்டுக்காடு. ராகியும் கொள்ளும் விளையும். செம்மறி ஆடுகள் வைத்திருந்தோம். வீட்டில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டும். பிள்ளை இல்லை.

வலது பக்கம் கடைசி விலா எலும்புக்குக் கீழே ஒரு மேடு. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலி கிடையாது. அமுக்கினால் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று இருந்தது. வலிக்காத ஒன்றுக்காக ஆம்பிளை டாக்டர் முன்னால் சேலையை விலக்குவதா என்று விட்டுவிட்டேன். மாங்காய் அளவு இருந்தது தேங்காய் அளவு ஆயிற்று. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாய் களி போனாலே மேலே முட்டும், மூச்சு நிற்கும். ஒரு நாள் அவர் என் தட்டைப் பார்த்தார்.

"என்னா புள்ள, உருண்டை அப்படியே கெடக்குது? கொழம்பு நல்லா இல்லியா?"

"நாந்தான வெச்சேன். நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம்?"

அப்போதுதான் காட்டினேன். கை வைத்துப் பார்த்தவர் கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் தருமபுரி.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். சுவரோரம் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதுகிறவர் "சின்னப்பொண்ணு! சின்னப்பொண்ணு யாரு?" என்று கூப்பிட்டார். நான் எழுந்து போனேன்.

"பாட்டி, நீங்க உக்காருங்க. சின்னப்பொண்ண வரச்சொல்லுங்க."

எனக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர், "அவதாங்க அது. பேரு வெக்கறப்ப சின்னதாத்தான் இருந்தா" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அங்கே பார்த்த டாக்டர் விரலால் தட்டிப் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். ஈரலில் கட்டி மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், அது இங்கே இல்லை, பெரிய ஊருக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஆடுகளில் பாதியைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு அவர் என்னை அழைத்துப் போனார். ஊர் பெயர் வேண்டாம். பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி.

ஸ்கேன் என்றால் என்னவோ அறுப்பார்கள் என்று பயந்திருந்தேன். வயிற்றில் கஞ்சிப்பசை மாதிரி சில்லென்று தடவி, ஒரு கட்டையை வைத்து நகர்த்துகிறார்கள். அவ்வளவுதான். டி.வி. மாதிரி ஒரு பெட்டியில் கறுப்பும் வெளுப்புமாக மழை பெய்கிறது. அந்த மழைக்குள் கறுப்பாக, வட்டமாக ஒன்று. அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள். தேன்கூட்டை வெட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

பெரிய டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது புற்றுநோய் இல்லை. இது ஒரு புழுவின் வேலை. நாடாப்புழு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு ஜாதி, அரிசி நொய் அளவுதான் இருக்கும். நாய், நரி இவற்றின் குடலில் குடியிருக்கும். அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மனுசன் வயிற்றுக்குள் போய்விட்டால் அது ஈரலில் தங்கி, தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொண்டு, பைக்குள் நீரை நிரப்பி, வருஷக்கணக்கில் வளரும்.

"ஊசி குத்தி அந்தத் தண்ணிய உறிஞ்சிர முடியாதுங்களா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"கூடவே கூடாது. அந்தத் தண்ணியில ஒவ்வொரு சொட்டுலயும் வெதை இருக்குது. ஒரு சொட்டு வயித்துக்குள்ள சிந்துனா, சிந்துன எடத்துலெல்லாம் புதுசா மொளைக்கும். பையி ஒடையாம முழுசா வெளிய எடுத்தாத்தான் பொழைப்பு. அது வரைக்கும் இந்தம்மா கீழ விழக் கூடாது, மாடு முட்டக் கூடாது, யாரும் வயித்த அமுக்கக் கூடாது."

வரிசையில் பெயர் போட்டு, ஆபரேசனுக்கு வரவேண்டிய நாளைச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நாள் வரும்வரை நான் நிறைகுடம் தூக்கினவள் மாதிரி நடந்தேன். தண்ணீர் சேந்துவதை அவர் எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் கேலி பேசினார்கள். "மாமா, அப்படியே எங்க கொடத்தையும் சேந்திக் குடுத்துருங்க" என்பார்கள். "வரிசையில நில்லுங்க, பேர் போட்டுக் கூப்புடறேன்" என்பார்.

அடுத்த வீட்டு ராமக்கா கன்னடம் பேசுகிறவள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றில் எண்ணெய் தடவிக் குடலேற்றம் எடுத்தவள் அவள்தான். ஒரு மத்தியானம் எனக்குக் கட்டி இருக்கும் இடத்தில் சுளீர் சுளீர் என்று வலித்தது. எங்கள் வீட்டுக்காரர் ஆடுகளோடு கரட்டுப் பக்கம் போயிருந்தார். முனகல் கேட்டு ராமக்கா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"டாக்டரு வயித்த அமுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா."

"நான் எங்க அமுக்கறேன்? தடவறேன். தடவக் கூடாதுன்னு சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். "அப்பிடிச் சொல்லலக்கா."

"அப்பறம் என்னா? ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆவாது, படு" என்றாள்.

அவள் கை பஞ்சு மாதிரி இருக்கும். உண்மையில் அமுக்கவே இல்லை. பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று தடவினாள். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. அப்போது உள்ளே ஏதோ சூடாக வழிந்த மாதிரி இருந்தது. சத்தமில்லை, வலிகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் அரிப்பு. தொடையில், முதுகில், முகத்தில் தடிப்புத் தடிப்பாக வீங்கியது. உதடு தடித்துப் பேச்சு குழறியது. ராமக்கா பதறி, "காணாக்கடி! ஏதோ கடிச்சிருக்குது!" என்று கத்தினாள். எங்கள் பக்கம் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துத் தடித்தால் அதற்குக் காணாக்கடி என்று பெயர். வேப்பிலை அடித்து, மிளகை மெல்லக் கொடுத்து வெற்றிலைச் சாறு குடிக்க வைப்பார்கள். கூடின ஊரார் அதைத்தான் செய்தார்கள். எனக்கு மூச்சு இழுத்தது. எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்து பார்த்துவிட்டு, வேப்பிலை அடித்தவரைத் தள்ளிவிட்டு, மண்ணெண்ணெய் ஏற்றி வந்த ஒரு டெம்போவை மறித்து என்னைத் தருமபுரிக்குக் கொண்டுபோனார். அங்கே போட்ட ஊசியில்தான் மூச்சு திரும்பியது. அங்கிருந்து நேராகப் பெரிய ஊருக்கு.

பெரிய டாக்டர் தடிப்பைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது எந்தப் பூச்சியும் கடித்தது இல்லை. பை கசிந்து, அந்த நீர் ரத்தத்தில் கலந்தால் உடம்பு அப்படித்தான் தடிக்குமாம்.

ஆபரேசன் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மூக்கில் எதையோ வைத்தார்கள், மருந்து வாடை அடித்தது, விழித்தபோது வயிற்றில் ரப்பர் குழாய் தொங்கியது. குழாயிலிருந்து மஞ்சளாக நீர் ஒரு பாட்டிலில் வடிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு பொம்பளை வார்டில் நாட்கள். இருமினால் தையல் பிய்கிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மா ஓயாமல் சாமியைத் திட்டுவாள். அவள் திட்டுவது எனக்கு ஆறுதலாக இருந்தது. எனக்குத் திட்ட வராது.

ஆம்பிளைகளைப் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அவர் வெளியே சைக்கிள் கொட்டகையில் கிடந்தார். எங்கிருந்தோ ராகி மாவு வாங்கி, யார் அடுப்பிலோ கூழ் காய்ச்சி, தூக்குப்போசியில் கொண்டுவருவார். எனக்குக் குனிய முடியாததால் கால் நகம் வளர்ந்து விரிப்பில் மாட்டியது. ஒரு நாள் பிளேடு வாங்கி வந்து, கட்டில் கடைசியில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டினார்.

"விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"ஆட்டுக் கொளம்பு வெட்டறவனுக்கு இது ஒரு வேலையா? ஆடாம இரு."

எதிர்க் கட்டிலில் இருந்தவள், "குடுத்து வெச்சவங்க அக்கா நீங்க" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. இந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போது இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது.

குழாயைத் துடைத்துவிட வந்த நர்சம்மா நல்ல மாதிரி. நானாக ஒன்றும் கேட்கமாட்டேன் என்று தெரிந்து அவராகச் சொல்வார். "பெரிய பைக்குள்ள குட்டி குட்டிப் பையா எத்தனை இருந்துச்சு தெரியுமாம்மா? உரிச்ச திராட்சைப் பழமாட்டம், ஒரு டிரே நெறைய. இங்கிலீசுல பெரிசுக்குத் தாய்னு பேரு, குட்டிங்களுக்கு மகள்னு பேரு."

"மகளா?"

"ஆமாம்மா. மகன்னு சொல்றதில்ல. ஏன்னு எனக்கும் தெரியல." அவருக்கு என் வீட்டுக் கதை தெரியாது. பாவம், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பார்வை நேரத்தில் பெரிய டாக்டர் ஒரு இளம் டாக்டரை அனுப்பி வைத்தார். மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு மேல்படிப்பு படிக்கிறவர். நரிகளைப் பற்றி ஆராய்ச்சி. எந்த மாசத்தில் நரி வயிற்றில் இந்தப் புழு கூடுதல், எந்த மாசத்தில் குறைச்சல் என்று பார்க்கிறாராம். அதற்காகக் கரடு கரடாக அலைந்து நரி எச்சத்தைப் புட்டியில் போட்டுக் கொண்டுபோகிறார் என்றார்கள்.

"நரிப் பீயப் பொறுக்கறதுக்கா சார் இவ்வளவு படிச்சீங்க?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"எங்கம்மாவும் அதத்தாங்க கேக்கறாங்க" என்று அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல நாய் இருக்குதுங்களாம்மா? பெரும்பாலும் நாய்கிட்டேருந்துதான் வரும்" என்றார்.

எங்கள் வீட்டுக்காரரே பதில் சொன்னார். "நாய் எங்க வூட்டுல நிக்காதுங்க. எம்மேல நரி வாடை அடிக்குதுன்னு ஓடிப் போயிரும்."

"நரி வாடையா?"

அவர் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். தையில் பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரில் நரி பிடிக்கிற வழக்கம் உண்டு. கரட்டில் வலை கட்டி ஒரு குள்ளநரியை உயிரோடு பிடித்து, வாயைத் துணியால் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு கோயிலைச் சுற்றி வருவார்கள். வருஷ ஆரம்பத்தில் நரி முகத்தில் விழித்தால் மழை, வெள்ளாமை, எல்லாம் நல்லது. பிறகு அவிழ்த்துக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வலையாட்களுக்குத் தலைவர் இவர். நரியின் நெற்றியிலும் முதுகிலும் மஞ்சள் குழைத்துப் பூசுவார்கள். அந்த மஞ்சளை வழித்து, பிள்ளை இல்லாத பெண்கள் நாக்கில் வைத்து முழுங்கினால் வயிறு திறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"கூட்டத்துல போய் நிக்க இவ வெக்கப்படுவா சார். அதனால இவளுக்குன்னு நானே வழிச்சி, ஆலெலையில மடிச்சிக் கொண்டுபோவேன். கல்யாணமான வருசத்துலேருந்து, ஒரு தை விட்டதில்ல. வயசாகி, இனி இல்லைன்னு ஆனப்பறமும் கொண்டுபோனேன். இவளும் வேணாங்கமாட்டா."

அந்த டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, மறைக்காமல், குரலைத் தணித்துச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆடுகள் நோய் கண்டு சாகும். செத்த ஆட்டை ஓடையில் போடுவோம். அந்த ஆட்டின் ஈரலில் இதே கட்டி இருக்கும். நரி அதைத் தின்னும். தின்ற ஒன்றரை மாசத்தில், ரெண்டு மாசத்தில் நரியின் குடலில் புழு முட்டை வைக்கத் தயாராகிவிடும். அதாவது மார்கழி, தை. நரி தன் உடம்பைத் தானே நக்கும். நக்க நக்க, முட்டை முடியிலெல்லாம் ஒட்டும். அப்போது ஈரமும் பனியும் இருப்பதால் முட்டை சாகாமல் கிடக்கும்.

"அப்ப சித்திரையில புடிச்சிருந்தா?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

"சித்திரை வைகாசியில அவ்வளவு இருக்காதுங்க. நரி பூச்சியும் பழமும் தின்னுக்கிட்டு இருக்கும். வெயில்ல முட்டையும் காஞ்சி செத்துரும்."

"சாமி தையிலதாங்க கேக்குது."

"தெரியுதுங்க. இதுலேருந்துதான் வந்துச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. வேற விதமாவும் வந்திருக்கலாம்."

அது எங்கள் வீட்டுக்காரர் காதில் ஏறவில்லை. தூக்குப்போசி மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் ஆசையாகத்தானே கொடுத்தீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். மணி அடித்து ஆம்பிளைகளை வெளியே போகச் சொன்னார்கள். போய்விட்டார். மறுநாள் கூழ் வந்தது. பேச்சு வரவில்லை. இன்று வரைக்கும் அந்த மஞ்சளைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

ராமக்கா ஒரு முறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தாள். அவள் தருமபுரியைத் தாண்டினதே கிடையாது. என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் தடவுனதாலயா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அது தானா கசிஞ்சிச்சாம்" என்றேன். நம்பினாளா தெரியாது. அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளைக்கும் குடல் எடுக்கவில்லை.

குழாயை எடுத்து, புழுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் நாக்கு கசக்கும், முடி கொட்டும். கொஞ்ச நாள் தின்று கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும். எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் களி இறங்கியது, நடந்தேன், களை வெட்டினேன். மறு தையில் ஊரார் வந்து வலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. வேறு ஆளைத் தலைவராக்கிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது அவர் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கலியாணமாகி நாலஞ்சு வருஷமாகியும் பிள்ளை இல்லாத பெண்கள் குளித்து ஈரத்தலையோடு மேளத்தின் பின்னால் போனார்கள். நான் வாசலுக்கு வந்து அவர்களில் ஒருத்தியின் கையைப் பிடித்து, வேண்டாம் சாமி, நாக்கில் வைக்காதே என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளை பெறாதவள் அபசகுனமாகப் பேசுகிறாள் என்று அவள் மாமியார் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாழ்நாளில் நான் ஒருத்தரைத் தெருவில் நிறுத்திப் பேசியது அது ஒன்றுதான்.

அந்த வருஷக் கோடையில் மறுபடி ஸ்கேன். மறுபடி அந்தக் கஞ்சிப்பசை, அந்த மழை. இந்த முறை ஒரு வட்டம் இல்லை. ஈரலின் கீழே, குடலின் மேலே, அடிவயிற்றில், அங்கங்கே. எல்லாம் எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு. சிந்தின இடத்திலெல்லாம் முளைத்திருந்தது.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி அறுத்து எடுக்க முடியாது, எத்தனை இடத்தில் அறுப்பது என்றார். மாத்திரை வளர்ச்சியை மட்டுப்படுத்தலாம், படுத்தாமலும் போகலாம். எவ்வளவு காலம் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு டாக்டர் படத்தை உறையில் போட்டார். "ஜாக்கிரதையா வெச்சிக்கோங்க. ஒண்ணு ஒடைஞ்சாலும் போன தடவ மாதிரி மூச்சு நின்னுரும். எல்லா தடவையும் ஊசி போட ஆளு கெடைக்காது. அடி படாம பாத்துக்கோங்க" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். எங்கோ திருவிழா போலிருக்கிறது, பஸ்ஸில் நிற்க இடமில்லை. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. அவர் என்னை முன்னால் ஏற்றி, பின்னால் ஏறி, ஜன்னல் கம்பியை ஒரு கையாலும் சீட்டுக் கம்பியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி வேலி மாதிரி நின்றார். பஸ் வளைவில் திரும்பியபோது கூட்டம் மொத்தமாகச் சாய்ந்தது. ஒரு ஆளின் முழங்கை, ஒரு கூடையின் விளிம்பு. அவர் முதுகால் தாங்கினார். அவருக்கும் வயசாகிவிட்டது. அடுத்த வளைவு வந்தது.

"இடிக்காதீங்க! இடிக்காதீங்க சாமி!" என்று கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. திரும்பவும் பெருங்குரலில் கத்தினார். "புள்ளத்தாச்சிங்க! புள்ளத்தாச்சி நிக்கறா, தள்ளிக்குங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நரைத்த தலையும் பல்லில்லாத வாயுமாக நான் நின்றேன். பின் சீட்டில் யாரோ, "யோவ் பெருசு, யாரு? அந்தக் கெழவியா?" என்று கேட்டார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. கம்பியை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முன் சீட்டில் இருந்த ஒரு பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்தி, எழுந்து இடம் கொடுத்தாள்.

நான் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.